தாய்மாமன் சீராகப் போன தேன்பெட்டி

சமயநல்லூர்ச் சுருளியிடம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. தப்பு தன் பக்கம்தான் என்று அவனுக்கே தெரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டான். தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையை அப்படியே முழுங்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவான். மற்றபடி தங்கமான மனுஷன்தான். யார் வீட்டுக் கிணற்றுச் சுவரிலாவது தேனீ அடை வைத்துவிட்டது என்று தகவல் வந்தால் எச்சில் கையோடு எழுந்து ஓடுவான். இந்தப் பாழாய்ப்போன வீம்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ஒச்சாயி விஷயம் இப்படி ஆகியிருக்காது.

ஒச்சாயி அவன் கூடப் பிறந்த ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட, அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, வயசுக்கு வந்தபோது ஓடி ஓடிப் பந்தல் போட்டது எல்லாம் சுருளிதான். அப்படி வளர்த்த பெண்ணை அந்தமானுக்குக் கட்டிக் கொடுத்தான். மாப்பிள்ளை முத்துக்குமரன் தூரத்துச் சொந்தம்; அவன் அப்பா காலத்திலேயே அங்கே பிழைக்கப் போன குடும்பம். போர்ட் பிளேயரில் இறங்கி இன்னொரு படகு ஏறிப் போகவேண்டிய சின்னத் தீவு. அங்கே அவர்களுக்குப் பாக்குத்தோப்பும், தோப்புக்குள்ளே தேன்பெட்டிகளும் இருந்தன. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையும் மச்சானும் தேனீயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில், பொண்ணைப் பார்த்தாயா இல்லையா என்று பெரியவர்கள் சத்தம் போட வேண்டியதாயிற்று.

"எங்க தீவுத் தேனீ கறுப்பா, சின்னதா இருக்கும் மச்சான். கையை விட்டாக்கூடக் கொட்டாது" என்றான் முத்துக்குமரன்.

"எங்க தேனீ கொட்டும் மாப்ள. எங்க ஊரு ஆளுக மாதிரி" என்றான் சுருளி.

அந்தச் சிரிப்பு அடங்கிக் கொஞ்ச காலம்கூட ஆகவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெற்கே இருந்து நோய் வந்தது. வளர்ந்த தேனீயை அது ஒன்றும் செய்யாது. அடைக்குள் இருக்கிற புழுவைத்தான் பிடிக்கும். புழு தலையைத் தூக்கிக்கொண்டு செத்துக் கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் தண்ணீர் கோத்த பை மாதிரித் தொங்கும். குஞ்சு செத்தால் கூட்டம் எத்தனை நாளைக்கு நிற்கும்? மாந்தோப்பில் வரிசையாக வைத்திருந்த சுருளியின் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஒன்றே ஒன்றுதான் தப்பியது. அதுவும் நோய் பட்டதுதான். ஆனால் செத்த புழுக்களை எல்லாம் வாசலுக்கு இழுத்துத் தள்ளிவிட்டு மறுபடியும் நிமிர்ந்துகொண்டது. சுருளி போகிறவன் வருகிறவனை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து அந்தப் பெட்டியைக் காட்டினான்.

"எமனையே விரட்டிவிட்டுட்டு உக்காந்திருக்குடா!"

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒச்சாயியின் மகள் அஸ்வினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். மாமனாருக்கு நெஞ்சு வலி என்பதால் ஊருக்கு வர முடியாது, தீவிலேயே விசேஷம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும். தாய்மாமன் சீர் வாசலில் வந்து இறங்குகிற அழகை வைத்துத்தான் அந்தப் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் மரியாதை. பெட்டி எல்லாம் செத்து, வெறுங்கையாக நிற்கிற அண்ணன் என்ன கொண்டு வரப்போகிறான் என்று அங்கே ஜாடை பேசுகிறார்கள் என்பது சுருளியின் காதுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான், ரோஷம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"வளையலு, கவுனு எல்லாந்தான் எல்லாப் பயலும் கொண்டு போவான்" என்று மனைவி ராக்கம்மாளிடம் சொன்னான். "நம்மகிட்ட இருக்குறதுல எது ஒசத்தியோ அதைக் கொண்டு போகணும்."

"நம்மகிட்ட அப்படி என்ன இருக்கு?"

சுருளி மாந்தோப்புப் பக்கம் கையைக் காட்டினான்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒங்களுக்கு? செத்துப் பொழச்ச பெட்டிங்க அது. அதையா பச்சப்புள்ள சீருல வைப்பீக?"

"பொழச்சதுனாலதாண்டி வைக்கிறேன்" என்றான் சுருளி. அதற்கு மேல் அவள் என்ன சொல்வது? சொன்னால்தான் கேட்டுவிடப் போகிறானா?

பெட்டியின் வாசலுக்குக் கம்பிவலை அடித்து, நாலு பக்கமும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டி ரயிலில் ஏற்றினான். கப்பலில் ஒரு சிப்பந்தி, இதற்குள் என்ன என்று கேட்டதற்கு, "எங்க குலசாமிப் பெட்டி" என்று கூசாமல் சொன்னான். அந்த ஆள் சந்தேகப்பட்டுக் காதை வைத்துப் பார்த்தான். உள்ளே இருந்து வந்த உறுமலைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவன், கரை சேருகிற வரைக்கும் அந்தப் பக்கமே வரவில்லை. சுருளி வழி நெடுக ஈரச் சாக்கை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, தான் சாப்பிட்டானோ இல்லையோ, பெட்டிக்குச் சர்க்கரைத் தண்ணீர் காட்டிக்கொண்டு போனான்.

தீவில் அவன் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு மேளத்துக்குப் பின்னால் நடந்து வந்ததைப் பார்த்து ஒச்சாயி வாசலிலேயே அழுதுவிட்டாள்.

"பாத்தீகளா எங்கண்ணன் கொண்டாந்திருக்குற சீரை!" என்று மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். முத்துக்குமரனுக்கும் பெருமை தாங்கவில்லை. தன் பெட்டிகளுக்கு நட்டநடுவே இடம் ஒதுக்கி, மச்சான் பெட்டியை அவனே தூக்கி வைத்தான். காது குத்தும்போது அஸ்வினி அழுதாள். அவளைவிட அதிகமாக அழுதது அவளை மடியில் வைத்திருந்த தாய்மாமன்தான். அண்ணனும் தங்கையும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது அந்தப் பயணத்தில்தான்.

அடுத்த பூப்பருவம் முடிந்த கையோடு சமயநல்லூர் எஸ்டிடி பூத்துக்கு அந்தமானிலிருந்து போன் வந்தது. சுருளி ஓடிப்போய் எடுத்தான்.

"மச்சான், என் பெட்டி பூராம் போச்சு" என்றான் முத்துக்குமரன். குரலே அவன் குரலாக இல்லை. "புழு தண்ணி கோத்துச் சாகுது. ஒங்க ஊருல வந்துச்சுன்னு சொன்னீகளே, அதேதான். காட்டுக்குள்ள மரப்பொந்துல கெடந்த கூடுகூட ஒண்ணு மிச்சம் இல்ல. நீங்க கொண்டாந்த பெட்டி மட்டும் நல்லா இருக்கு."

ஐயோ மாப்ள என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னானா? சீரில் குற்றம் சொல்கிறான், பிறந்த வீட்டை மட்டம் தட்டுகிறான் என்றுதான் சுருளியின் புத்தியில் ஏறியது.

"என் பெட்டியில நோய் இருந்தா என் பெட்டியில்ல மொதல்ல சாகணும்? ஒன் தேனீக்குத் தெம்பு இல்ல, செத்துப்போச்சு. அதுக்கு என் சீரை ஏன்யா இழுக்குற?"

அந்தப் பக்கம் ரிசீவர் கை மாறியது.

"அண்ணே, அவுக குத்தம் சொல்லலண்ணே" என்றாள் ஒச்சாயி. "தெரியாம வந்துருச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுண்ணே. அவுக மனசு ஆறிரும்."

"வராத நோயை வந்துச்சுன்னு நான் எதுக்குச் சொல்லணும்? நீயும் அவன் கட்சி ஆயிட்டியா? என் பெட்டி சுத்தம்னு என்னைக்கு ருசுவாகுதோ அன்னைக்குப் பேசுறேன். அதுவரைக்கும் எனக்குப் போனு போடாத!"

வைத்துவிட்டான். அப்புறமும் ஒரு முறை, இரண்டு முறை பூத்துக்குப் போன் வந்து ஆள் விட்டார்கள். போகவில்லை. பிறகு வருவதும் நின்றுவிட்டது. ராக்கம்மாள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். "ஒத்தத் தங்கச்சிங்க, பாவிமனுசா" என்பாள். அவனுக்கு மட்டும் ஆசை இல்லையா? தீபாவளிக்குத் தீபாவளி சேலைக்கடை வாசலில் நின்று, இந்தக் கலர் ஒச்சாயிக்கு நல்லா இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பான். போய்ப் பேசுவதற்கு ஒரு வழி வேண்டும், அதுவும் தான் தலை குனியாத வழியாக வேண்டும் என்று காத்திருந்தான்.

அந்த வழி சில வருஷம் கழித்து ஒரு நாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கியது. தல்லாகுளத்தில் குடியிருக்கிற அலர்மேல்மங்கை, சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண், தேனீயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். நோயில் தப்பிய தேனீக்கள் எங்கே எங்கே இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டு வந்தவளுக்குச் சுருளியைத்தான் கை காட்டினார்கள். அவன் மாந்தோப்பைச் சுற்றியிருந்த பொந்துகளில், பழைய பெட்டியிலிருந்து பிரிந்து போன கூட்டங்கள் பிழைத்துக் கிடந்தன. அவற்றைப் பிடித்து மறுபடியும் பெட்டி வைத்திருந்தான்.

"இதைக் கொண்டுபோய் என்ன மேடம் செய்வீக?" என்று கேட்டான் சுருளி.

"ராணி வழியா மட்டும் இறங்குற ஒரு அடையாளம் தேனீயோட உடம்புக்குள்ள இருக்கு அண்ணே. தாய்கிட்ட இருந்து மகளுக்கு, அந்த மகள்கிட்ட இருந்து அவ மகளுக்கு. அப்பன் வழியில வராது. அதை எடுத்துப் பார்த்தா எந்தக் கூடு எந்தக் கூட்டுக்குச் சொந்தம்னு சொல்லிடலாம். கரையில இருக்குற தேனீக்கும் தீவுல இருக்குற தேனீக்கும் எவ்வளவு வித்தியாசம்னுதான் பார்க்குறேன். அந்தமானுக்கும் போகப்போறேன்."

அந்தமான் என்ற வார்த்தை விழுந்ததுமே சுருளி தேனீக்குப் புகை காட்டக் கையில் வைத்திருந்த கலயத்தைக் கீழே வைத்துவிட்டான். அன்றிலிருந்து அவளுக்கு அவன்தான் வழிகாட்டி. சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் என்று கிணறு கிணறாக, புளியமரம் புளியமரமாக அலைந்து தேனீ பிடித்துச் சாராயம் ஊற்றின குப்பியில் போட்டுக் கொடுத்தான். அவள் கணக்கு எல்லாம் முடிகிற அன்றைக்கு, தீவுத் தேனீ அழியவே இல்லை, காட்டுக்குள் எங்கேயோ உயிரோடு இருக்கிறது என்று ஒரு சேதி வரும். அதை வைத்துத் தங்கச்சிக்குப் போன் போடலாம். இவ்வளவுதான் அவன் திட்டம். தனக்கு அங்கே தங்கை இருக்கிறாள் என்று மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால், ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்று கேட்பாளே.

ஒரு நாள் ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் எக்ஸ்ரே படம் மாதிரி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். கறுப்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

"நம்ம சமவெளியில ஊருக்கு ஊர் கோடு மாறுது பாருங்க. இந்த மாதிரி கோடு உங்க சமயநல்லூர் கண்மாய்ப் பக்கம் தவிர எங்கயும் கிடைக்கல. அபூர்வமான தாய்வழி அண்ணே இது!"

"நாந்தான் சொன்னேன்ல மேடம், எமனை விரட்டுன பெட்டின்னு!" சுருளிக்கு முகமெல்லாம் பல்.

அவள் அடுத்த படத்தை எடுத்தாள். "இது தீவுத் தேனீ. நோய் வர்றதுக்கு முன்னாடியே எங்க பேராசிரியர் அங்கே போய்ப் பிடிச்சுக் குப்பியில போட்டு வெச்சிருந்தார். எல்லாம் ஒரே கோடு. ஒரு தாய் மக்க மாதிரி. வெளியிலேருந்து கலப்பே இல்லாம ரொம்பக் காலமா தனியா இருந்திருக்கு. அதுக்குப் பழக்கமில்லாத ஒரு நோய் உள்ளே போனா, எல்லாம் ஒண்ணாப் போயிடும்."

சுருளியின் சிரிப்பு பாதியில் நின்றது. அங்கே ஒரு சின்னத் தீவு இருக்கிறதாகவும், பாக்குத்தோப்புக்காரர்கள் இருக்கிற ஊர் என்றும், முடிந்தால் அங்கேயும் போய்ப் பார்க்கச் சொல்லியும் கேட்டுக்கொண்டான். ஊர்ப் பேரைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

அவள் போய்விட்டு வந்து, குப்பிகளை எல்லாம் பரிசோதித்து முடித்து, தல்லாகுளத்து வீட்டுக்கு அவனை வரச் சொன்னபோது அடுத்த கோடை வந்திருந்தது. சுருளி சலவை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். அவள் அம்மா உள்ளே இருந்து அவர்கள் வீட்டுப் பாஷையில் என்னவோ கேட்க, மகள் அதே பாஷையில் பதில் சொல்லிவிட்டுக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தில் களையே இல்லை.

"தீவுத் தேனீ இருக்கா மேடம்?" காப்பியைத் தொடாமலே கேட்டான்.

"நீங்க சொன்ன தீவுல இல்லண்ணே. ஒரு கூடுகூட இல்ல. இப்போ அங்கே இருக்குறது பூரா..." அவள் படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "உங்களுக்கே தெரியும், பாருங்க."

கோட்டைப் பார்த்ததும் சுருளிக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை பேரிடம் பெருமையடித்த கோடு!

"சமயநல்லூர் கோடு" என்றாள் அலர்மேல்மங்கை. "இங்கேருந்து யாரோ ஒரு பெட்டி கொண்டு போயிருக்காங்க. நோயும் அதோட போயிருக்கணும். உங்க தேனீ அதைத் தாங்கிப் பழகிடுச்சு, உள்ளே நோய் இருந்தாலும் பிழைச்சுக் கிடக்கும். அந்தத் தேனீக்கு அது தெரியாதே. அவ்வளவு காலம் தனியா வாழ்ந்த ஒரு வம்சம் அண்ணே. இனிமே எங்க பேராசிரியர் பிடிச்சு வெச்ச அந்தக் குப்பியில மட்டும்தான் இருக்கு."

சுருளி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளே தொடர்ந்தாள்.

"அந்தப் பெட்டியையும் பார்த்தேன். பாக்குத்தோப்பு நடுவுல இருக்கு. மேல மஞ்சள் பூச்சு. எதுக்கு மஞ்சள்னு கேட்டா, அது என் சம்சாரத்தோட பொறந்த வீட்டுச் சீருங்கறார் அந்த ஆள். அவங்கதான் வருஷா வருஷம் புது மஞ்சள் பூசி, யாரையும் தொடவிடாமப் பார்த்துக்கிட்டாங்களாம். தீவுல இப்போ இருக்குற கூடு எல்லாம் அதுலேருந்து பிரிஞ்சு போனதுதான். பாவம், அந்தம்மா போன வருஷம் மாசியில காய்ச்சல் கண்டு தவறிட்டாங்களாம். நான் போனப்போ அவரும் பொண்ணும் மட்டும்தான் இருந்தாங்க."

"அந்தம்மா பேரு?"

"ஒச்சாயின்னு சொன்னார்."

காப்பித் தம்ளர் தட்டிக் கீழே உருண்டது. சுருளி வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு அழுதான். அடைத்தாலும் சத்தம் அடங்கவில்லை. உள்ளே இருந்து அவள் அம்மா ஓடி வந்தாள். என்ன அண்ணே, என்ன அண்ணே என்று பதறினவளுக்கு, "எந் தங்கச்சி மேடம், நான் கொண்டுபோன பெட்டி மேடம்" என்பதைத் தவிர அவனால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

மாசி போய், பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஒரு வருஷமே ஓடிவிட்டது. அவன் இங்கே தலை நிமிர்ந்து போன் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தான். செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வந்த பிறகுதான் எடுப்பார்கள்; அண்ணன்காரன் கையால் கோடிச் சேலை விழாமல் எந்தப் பெண்ணும் அவர்கள் ஜனத்தில் சுடுகாட்டுக்குப் போனதில்லை. ஒச்சாயி போயிருக்கிறாள்.

முத்துக்குமரன் வீட்டு நம்பர் அலர்மேல்மங்கையிடம் இருந்தது. அவள் வீட்டிலிருந்தே பேசச் சொன்னாள். அவனுக்கு மனசு ஒப்பவில்லை. அன்றைக்கு எங்கே நின்று அந்தப் பேச்சைப் பேசினானோ, அந்தச் சமயநல்லூர் பூத்துக்கே ராக்கம்மாளையும் கூட்டிக்கொண்டு போனான். விஷயம் கேட்டதிலிருந்து மாரில் அடித்து அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

எடுத்தது ஒரு பெண் பிள்ளை.

"யாரு?"

"மாமாத்தா... சமயநல்லூரு மாமா."

"பெட்டி மாமாவா?" என்று கேட்டாள் அஸ்வினி. "அம்மா சொல்லும். இருங்க, அப்பாவைக் கூப்பிடுறேன்."

முத்துக்குமரன் வந்து, "சொல்லு மச்சான்" என்றான். அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சுருளிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏன் மாப்ள எனக்குச் சொல்லல?"

"அந்தப் பூத்துக்குப் போட்டேன் மச்சான். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. எடுத்தாலும் நீ வருவியோ மாட்டியோன்னு நெனச்சேன். பொணத்தை எம்புட்டு நேரம் போட்டு வைக்கிறது?"

"கோடி?"

"நாந்தான் கடையில எடுத்துப் போட்டேன். ஒம் பேரைச் சொல்லித்தான் போட்டேன். இல்லன்னா அவ எந்திரிச்சு வந்து என்னைக் கேப்பா."

ராக்கம்மாள் பூத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என் பெட்டிதான் மாப்ள" என்றான் சுருளி. இத்தனை வருஷம் தொண்டையில் அடைத்துக் கிடந்தது ஒருவழியாக வெளியே வந்தது. "எல்லாத்தையும் கொன்னது என் பெட்டிதான்."

"அது அவளுக்கு அன்னைக்கே தெரியும் மச்சான். நான் கோவத்துல அந்தப் பெட்டியைக் கொளுத்தப் போனேன். குறுக்க வந்து விழுந்துட்டா. எங்கண்ணன் அறியாம செஞ்சது, அது ஒரு நா தானா சொல்லும், சொல்லிட்டு வந்து நிக்கும், அப்ப இந்தப் பெட்டி இங்க இருக்கணும்னா. அதுக்குத்தான் பாத்துப் பாத்து வச்சிருந்தா."

பூத்துக்கு வெளியே பஸ் வந்து நின்று ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

"கப்பல் ஏறி வா மச்சான்" என்றான் முத்துக்குமரன். "புள்ளைக்கு ஒன்னையக் காட்டணும். வரும்போது ஒண்ணும் கொண்டாராத. வெறுங்கையோட வா."

லைன் கட்டாகிப் போனது. சுருளி ரிசீவரை வைக்காமல் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான்.

"தெரியாம வந்துருச்சு ஒச்சாயி" என்றான் ரிசீவருக்குள். "தெரியாம வந்துருச்சுத்தா."

பூத்துக்காரர் எழுந்து வந்து, அவன் கையிலிருந்து ரிசீவரை மெதுவாக வாங்கி வைத்தார்.